மூன்றாம் கெழு

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே இயற்பியல் துறையில்தான் வேலை. அவர் பேராசிரியர், தனி அறை. அவளுக்கு ஒப்பந்த வேலை, நகலெடுக்கும் இயந்திரத்தை ஒட்டி ஒரு மேசை.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே கட்டுரை, ஃபெர்மியான் வாயுவைப் பற்றியது. ஃபெர்மியான்கள் ஒரே நிலையில் இரண்டு இருக்கச் சம்மதிக்காத துகள்கள். அவற்றாலான மெல்லிய வாயுவின் அழுத்தத்தை முழுதாகக் கணக்கிட யாராலும் ஆகாது. அதனால் தனித்தனியாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மும்மூன்றாக எண்ணிக் கூட்டி, மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் எண்ணுக்குக் கெழு என்று பேர். மூன்றாம் கெழு வரை கணக்கிட்டு அவர் வரைந்த கோடு, சோதனையில் அளந்த புள்ளிகள் மேல் அச்சாகப் பொருந்தியிருந்தது.

கட்டுரை புத்தகத்தில் சேரவிருந்தபோது மெய்ப்புப் பார்த்தவள் அவள்தான். மும்மூன்றாக எண்ணியதில் ஒரு வகையை அவர் இரண்டு தடவை கூட்டியிருந்தார். திருத்தினால் கோடு புள்ளிகளை விட்டுக் கீழே இறங்கியது.

பாத்திரம் துடைத்துக்கொண்டே அதை அவரிடம் சொன்னாள்.

“புள்ளி மேல உட்காருதுல்ல? அப்புறம் எதுக்கு நோண்டுறே?” என்றார்.

“நாலு நாலா எண்ணாம விட்டது ஒரு குறை. இதை ரெண்டு தடவ கூட்டினது இன்னொண்ணு. ரெண்டும் சேர்ந்து சரிக்கட்டிடுச்சுங்க. நாலாவதையும் நான் போட்டுப் பார்க்கிறேன்.”

“போடு. ஆனா வெளிய மூச்சு விட்டுடாதே, என் மானம் போயிடும்.”

அவள் மூச்சு விடவில்லை. ஏழு மாதம் மாய்ந்து மாய்ந்து நாலாவதைப் போட்டு முடித்தாள். முன்பு அவர் கணக்கு எட்டாத கடுங்குளிரில் அளந்த புள்ளிகளோடுகூடக் கோடு ஒத்துப்போனது. நோட்டுகளை அவரிடம் கொடுத்தாள்.

“சேர்ந்தே எழுதலாங்க.”

“பார்க்கலாம்.”

கட்டுரை அவர் பேரில் மட்டும் வந்தது. தன் தவற்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய பெருந்தன்மையை ஊரே மெச்சியது. கடைசியில், தட்டச்சு உதவிக்காக மனைவிக்கு நன்றி.

“ஒரே வீடுதானே, யார் பேர் இருந்தா என்ன?” என்றார்.

“அப்போ என் பேரை மட்டும் போட்டிருக்கலாமே.”

நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்.

அந்த வருடம் அவள் ஒப்பந்தம் முடிந்தது. சொந்தமாக ஒரு கட்டுரையும் இல்லாதவளுக்கு நீட்டிப்புக் கிடையாது என்றது துறையின் நியமனக் குழு. மனைவி விஷயத்தில் தலையிடுவது முறையல்ல என்று அவர் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போயிருந்தார். அதற்கும் பாராட்டு.

மேசையைக் காலி செய்யும்போது, பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்.  பேருந்தில் இரண்டு நடையாக அவற்றை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டாவது நடையில் அவளும் அங்கேயே தங்கிவிட்டாள்.