மூன்றாம் வகுப்புச் சாமி

"டீச்சர், நம்ம ஆளு கழுத்துல மாலை கிடக்கு!"

தவணை விடுமுறை முடிந்து அன்றுதான் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. எல்ஸி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மூன்றாம் வகுப்பு மொத்தமும் சாலைக்கு ஓடி வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் பாப்பா, மூச்சிரைக்க.

"யாரு போட்டா?"

"எங்கம்மாதான். இனிமே யாரும் தொடக்கூடாதாம். தொட்டா கண்ணு போயிருமாம்."

'ஆளு' என்பது மூன்றாம் வகுப்பு செய்து வைத்த உருவம். அது வந்த கதை இப்படி.

எல்ஸி ஈப்போ பட்டணத்துக்காரி. சுங்கை சிப்புட்டைத் தாண்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது சித்திரப் பாடத்துக்கு வர்ணமும் இல்லை, தாளும் இல்லை. தலைமையாசிரியர் அப்பாவு ஒரு வழி சொன்னார்.

"கரும்பலகையில ஒரு வாழைப்பழம் போட்டு விடுங்க, டீச்சர். அதைப் பாத்துப் போடுங்க பிள்ளைங்க. நானும் எத்தனையோ வருசமா அந்தப் பழத்தைத்தான் போடுறேன்."

"இன்னும் அழுகலையா, சார்?"

அப்பாவு சிரிக்கவில்லை. எல்ஸி வகுப்புக்குப் போய், "வேண்டாம்னு தூக்கிப் போட்டது எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க. வீட்டுல கேட்டுட்டுக் கொண்டு வாங்க" என்றாள்.

எழுபத்தெட்டாம் வருடம் அது. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையை மூடியாகிவிட்டது. தூக்கிப் போட்டதற்கா அந்தத் தோட்டத்தில் பஞ்சம்? பால் வடிய மரத்தில் கட்டும் மங்குகள் வந்தன. பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு வந்தது. சைக்கிள் டயர், மைலோ டின், குடைக்கம்பி, லோரியிலிருந்து உடைந்து விழுந்த கண்ணாடி இரண்டு என்று வகுப்பு நிறைந்துவிட்டது. உள்ளே இடம் போதாமல் எல்லாவற்றையும் வெளியே மரத்தடிக்குக் கொண்டு போனார்கள்.

"இந்தக் கம்பு தோளு."

"கண்ணாடி ரெண்டும் கண்ணு."

"ஆம்பளையா பொம்பளையா?"

"டயர் மிச்சம் இருக்குலா. மீசை வெச்சா ஆம்பளை."

"மீசை வெச்ச பொம்பளையா இருந்தா?"

"உங்க அத்தை மாதிரியா?"

அடிதடியே நடந்தது. ஆனால் ஆளு எழுந்து நின்றுவிட்டான். இன்றைக்குக் கை மேலே இருக்கும். நாளைக்கு இடுப்புக்கு வந்துவிடும். சிலேட்டில் ஒரு கோடு கோணினால் அழுகிற பிள்ளைகள், "பிரிச்சு வேற மாதிரி கட்டலாம், டீச்சர்" என்று தாமாகவே வந்து நின்றார்கள். எல்ஸிக்கு அதைக் கேட்கக் கேட்கத் தித்தித்தது. ஈப்போவில் பள்ளிக்கூடங்களின் சித்திரக் கண்காட்சி வரப்போகிறது, ஆளையும் உங்களையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். சுங்கை சிப்புட்டைத் தாண்டியே பார்க்காத பிள்ளைகள் பாதி.

விடுமுறையில் புயல் வீசியிருக்கிறது. பள்ளிக்குப் பக்கத்தில் நின்ற வேறொரு பெரிய மரம் வேரோடு சாய்ந்திருக்கிறது. கூரைமேல் விழவேண்டியது, ஆளுக்கு அந்தப் பக்கமாக விலகி விழுந்திருக்கிறது. மறுநாளே பாப்பாவின் அம்மா செல்லாயி எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்துவிட்டாள்.

எல்ஸி போனபோதும் அங்கேதான் நின்றாள். எல்ஸி மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"அக்கா, இது பிள்ளைங்க செஞ்சதுக்கா."

"தெரியாதா எனக்கு? வயித்துல இருக்கறது எங்க வீட்டு மைலோ டின்னு."

"அப்புறம் ஏன்க்கா?"

"எந்தச் சாமியையும் யாராச்சும் ஒருத்தர் கைதான் செய்யுது, டீச்சர். செய்யிறப்ப பொம்மை. காவலுக்கு நின்னப்புறமும் பொம்மைன்னு சொல்ல முடியுமா? அவ்வளவு பெரிய மரம், கூரையில ஒரு தகரம் நசுங்கலயே!"

அப்பாவு சார் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அந்தம்மா சொல்றது சரி. சாமிய லோரில ஏத்திப் பரிசு வாங்கவா கொண்டு போவீங்க? வேற ஏதாச்சும் செய்யச் சொல்லுங்க."

வேறு எதையும் பிள்ளைகள் செய்யவில்லை. டின்னைக் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இதுவும் சாமியாகிவிட்டால் என்ன செய்வது? பாப்பா மட்டும் ஜன்னல் வழியாக ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை கொஞ்சம் கீழ இருந்தா நல்லாருக்கும், டீச்சர்," என்றாள் ரகசியமாக. சொன்னவுடன் பயந்து கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஈப்போ போகாவிட்டால் போகிறது, இந்தப் பயம் பிடித்துக்கொண்டால் பிறகு எதைச் சொல்லி இந்தக் கைகளை அவிழ்ப்பது என்று எல்ஸி கவலைப்பட்டாள். அது பொய்ச் சாமி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கழுத்தில் சிலுவையைப் போட்டுக்கொண்டு அவள் அதைச் சொன்னால் வேறு சண்டையாகிவிடும். செல்லாயியின் கற்பூரத்தில் பொய்யும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபோது, மாதா கோயில் வளாகத்தின் ஓரத்தில் திருவிழாவுக்குத் தேரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்ஸி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் பள்ளி விட்டதும் நேரே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நடந்தாள்.

செல்லாயி அடுப்படியில் இருந்தாள். "வாங்க, டீச்சர். தே ஓ போடட்டுமா? பால் இல்ல."

"போடுங்கக்கா. ஒண்ணு கேக்கணும். திருவிழாவுல உங்க மாரியம்மன் கோயிலுக்குள்ளயேவா இருக்கு?"

"அது எப்படி? ரதத்துல ஊர் சுத்தி வரும்லா."

"எங்க மாதாவும் தேர்ல போவாங்க. போயிட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. நம்ம ஆளு மட்டும் ஒரே இடத்துல நிக்கணுமா?"

செல்லாயி தகரக் குவளையை நங்கென்று வைத்தாள். "நீங்க வேதக்காரங்க. எங்க சாமிய ஊர்வலம் விடறதுல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

சுற்றி வளைத்துப் பேச எல்ஸிக்கு மனம் வரவில்லை. "பிள்ளைங்க பயப்படுதுங்கக்கா. தாங்க கட்டுனதையே தொட முடியலன்னா, அதுங்க இனிமே எதையும் கட்டாதுங்க. உங்க பாப்பா கண்ணைக் கண்ணைத் தொட்டுப் பாத்துக்குது."

செல்லாயி அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். ஊதினாள். புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"லோரில அப்படியே ஏத்த முடியாதே?"

"பிரிக்கணும்."

"யாரு பிரிக்கறது?"

"நீங்கதான்க்கா சொல்லணும்."

"கட்டுன கைதான் பிரிக்கணும். குளிச்சிட்டு வரச் சொல்லுங்க. பெரியவங்க கை படக்கூடாது, உங்க கையுந்தான், சொல்லிட்டேன். அப்புறம், நாங்களும் வாரோம்."

சனிக்கிழமை காலையில் லோரிக்காரர் பத்துமலையின் காய்கறி லோரி வந்தது. பிள்ளைகள் ஈரத்தலையோடு ஆளைக் கயிறு கயிறாக அவிழ்த்துச் சாக்குகளில் கட்டினார்கள். பின்னால் பெண்கள் ஏறினார்கள். அப்பாவு சார் கடைசி வரைக்கும் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"சாமிக்கு டிக்கெட் உண்டா, அண்ணே?" என்றாள் ஒருத்தி.

"சாமிக்கு ஃப்ரீ. நீங்க ஏறுனதுக்குத்தான் என் டயர் அழுவுது," என்றார் பத்துமலை.

ஈப்போ மண்டபத்தில் மற்றப் பள்ளிகளின் படங்கள் சுவரெல்லாம் தொங்கின. எங்கு பார்த்தாலும் கடற்கரையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நடுத்தரையில் மூன்றாம் வகுப்பு சாக்கைக் கொட்டியது. முதலில் யாருக்கும் கை வரவில்லை. பாப்பாதான் குனிந்து காண்டாக் கம்பை எடுத்தாள். "இதைக் கீழ வெச்சா?" என்றாள். "அப்ப கால் எங்க போறது?" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், பழைய சண்டை திரும்பிவிட்டது. எல்ஸி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டி முடித்தபோது அது தோட்டத்தில் நின்ற ஆள் அல்ல. தரையில் சம்மணம் போட்டிருந்தது. கைகள் மடிக்கு வந்திருந்தன. மடி நிறைய மங்குகள்.

"ஐயையோ," என்றார் அப்பாவு சார். பாப்பா டின்மேல் கை வைத்தபடியே அம்மாவைப் பார்த்தாள். எல்ஸியும் செல்லாயியைத்தான் பார்த்தாள்.

செல்லாயி உருவத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"என்னக்கா இது?" என்றார் பத்துமலை. "நம்ம ஊருல நின்னுக்கிட்டுல்ல இருந்தாரு? இப்ப உக்காந்துட்டாரே!"

"லோரில வந்த களைப்பு. நீ ஓட்டுன ஓட்டுக்கு வேற யாரா இருந்தாலும் படுத்திருப்பாங்க," என்றாள் செல்லாயி. பிறகு மகளைப் பார்த்து அதட்டினாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? தலை சாயுது பாரு. இழுத்து இன்னொரு முடிச்சுப் போடு."