வித்யா எந்த பேண்டில் இருந்தாள்

ஒன்றோடொன்று இறுகிக்கொண்ட இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை, ஒன்றைக் காலால் மிதித்து மற்றதை இழுத்துக்கொண்டிருந்தான் கபிலன். ஆங் மோ கியோவில் அவர்கள் வீடிருந்த அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், அவன் மனைவி வித்யாவின் உடல் இருந்த பெட்டி வைக்கப்பட்டிருந்தது. நாற்பது நாற்காலி போதும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். சொந்தக்காரர்கள், அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்து ஆட்கள், அக்கம்பக்கத்தில் சில பேர். வேறு யார் வரப்போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே நாற்பதும் நிறைந்துவிட்டன. வந்தவர்களில் பாதிப் பேரை அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க ஏன் சார் இழுக்கிறீங்க, குடுங்க," என்று ஒருவர் வந்து நாற்காலியை வாங்கிக்கொண்டார். பஸ் ஓட்டுநர் சீருடை. "என் பேரு சேவியர். ஒரு மணிக்கு டியூட்டி, அதான் இப்படியே வந்துட்டேன். உங்க மிஸஸ்தான் எனக்கு பேண்டு பாத்துக் குடுத்தாங்க. டிரம்போன் வாசிக்கிறேன்."

பெட்டியருகே போன சேவியர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் திரும்பி, "இவங்கதானா?" என்று கேட்டார். "ஆறு வருஷமா மெசேஜ்லயேதான் பேச்சு. நேர்ல இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

கணையத்தில் புற்றுநோய் என்று மூன்று மாதத்துக்கு முன் சொன்னார்கள். நேற்று மாலை, மகள் சுஷ்மிதா உள்ளங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோதே வித்யா போய்விட்டாள். அம்மாவின் கைப்பேசியில் இருந்த எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பியது சுஷ்மிதாதான்.

ஒன்பது வருடமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வித்யா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது கபிலனுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூட பேண்டில் வாசித்துவிட்டு, வேலை, கல்யாணம், பிள்ளை என்று கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டவர்கள் தீவு முழுக்க இருந்தார்கள். ஆள் போதாமல் திண்டாடும் சமூக மன்ற இசைக்குழுக்களும் இருந்தன. சம்பளம் கிடையாது, ஆசை இருந்தால் போதும். வித்யா இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பாள். எந்த நாள் ஓய்வு, எந்த வட்டாரம், ஒத்திகை முடிந்து வீடு திரும்ப பஸ் இருக்குமா என்று துருவித் துருவிக் கேட்பாள். "என்ன, வரன் பாக்கிறியா?" என்று அவன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

மார்சிலிங்கிலிருந்து வந்திருந்த ஷமீமா என்ற மருத்துவமனைத் தாதி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பத்து வருஷமா டிரம்பெட்டைத் தொடலண்ணே. ஷிஃப்ட் வேலை, என்னை யாரு சேத்துக்குவாங்கன்னு கேட்டேன். அக்கா விடல. மூணு பேண்டு முடியாதுன்னுட்டாங்க, நாலாவது ஒண்ணு புடிச்சுக் குடுத்தாங்க. மொத நாளு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். 'உள்ள போங்க, ஒரே ஒரு பாட்டு வாசிங்க, புடிக்கலன்னா வந்துடலாம் லா'ன்னு மெசேஜ் பண்ணாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா எந்த பேண்டுல இருந்தாங்க?"

முன் வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அது தெரியவேண்டியிருந்தது.

"அவளுக்கு எங்க நேரம்," என்றான் கபிலன். "ஸ்கூல் வேலை, வீடு, அதுவே சரியா இருந்துச்சு."

ஷமீமா தலையாட்டினாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சுஷ்மிதா மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

கல்யாணமான முதல் வருடம் அவனுக்கு சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் இரவு வேலை. விடிந்து வந்து படுப்பான். ஒருநாள் பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் வித்யா கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ஏதோ ஒரு இசைக்குழுவில் சேரத் தேர்வு என்று சொல்லியிருந்தாள். அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். "மனுஷன் தூங்க வேணாமா? இந்தச் சத்தத்தை நிறுத்துறியா?"

அவள் நிறுத்தினாள். துணியால் துடைத்து, துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. இரண்டு வருடத்தில் அவனுக்குப் பகல் வேலை கிடைத்தது. எடுத்து வாசி என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்தியது தான்தான் என்று ஆகிவிடும். அதனால் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அவள் கருவியை யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் நேரம் நெருங்கியபோது, மகளைத் தூணருகே கூப்பிட்டான்.

"அம்மா ஏன் வாசிக்கிறத விட்டான்னா..."

"தெரியும்பா."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். செகண்டரி ஒன் கிளாஸ்ல நான் பேண்டுல சேரவான்னு கேட்டேன்ல, அப்போ."

"என்ன சொன்னா?"

"அப்பா பாவம், களைச்சுப் போய் வருவாரு, தூங்கணும், அதான் விட்டுட்டேன்னாங்க."

"கோவமாச் சொன்னாளா?"

சுஷ்மிதா யோசித்தாள். "இல்லப்பா. சாதாரணமாத்தான். சோறு போட்டுக்கிட்டே."

கோபமாகவே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபடி அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு நேராக ஷமீமாவிடம் போனான்.

"நேரம் இல்லாம இல்லம்மா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். எனக்குத் தூக்கம் கெட்டுப்போச்சுன்னு."

ஷமீமா எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த சேவியர் தன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க," என்று சடங்கு நடத்துபவர் கூப்பிட்டார்.

கபிலன் கைநிறைய அரிசி எடுத்துக் குனிந்தான். கல்யாணமான புதிதில், வாசித்த நாட்களில் அவள் கீழுதடு லேசாகத் தடித்துச் சிவந்திருக்கும். அந்தப் பதினொரு மணிக்குப் பிறகு சில வாரங்களில் அது மற்றவர்களுடையதைப் போலாகிவிட்டது. அப்போதே அதை அவன் கவனித்திருந்தான்.

அரிசி உதட்டில் நிற்காமல் கன்னத்தில் சரிந்தது. அவன் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்தான்.

"போதும்ங்க, அடுத்தவங்க வரட்டும்," என்றார் சடங்கு நடத்துபவர்.

காதோரம் இன்னும் இரண்டு மணிகள் இருந்தன.