லிஃப்ட் மெக்கானிக்கை நான் தப்பாக எழுதிய கதை

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது. எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்த மூத்த மெக்கானிக், கூட வந்த பெண் மெக்கானிக்கை எல்லார் முன்னாலும் "ஆமை" என்று கூப்பிட்டார். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன்:

கல்நெஞ்சக்கார மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் [அடித்துவிட்டேன்.]

காரணம் என் மனைவி. படித்துவிட்டு, "இந்த மனுஷனை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரே தடவை, அதுவும் பத்து நிமிஷம்.

2

சரி, அவர் மனதுக்குள் போய்ப் பார்ப்போம். (இனி எல்லாம் என் கற்பனை.)

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவளை நிரந்தரமாக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று மதியத்துக்குள் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் தீர்ப்பு என்றைக்கோ தயார்: வீட்டுக்கு. ஒவ்வொரு கதவையும் அவள் இரண்டு தடவை சோதிப்பாள். பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சரிசெய்த லிஃப்ட் ஏதாவது மறுபடி நின்றால், அவள் கை வைத்ததாகத்தான் இருக்கும் என்பார்.

ஆதாரத்தோடு எழுதுவோம் என்று புகார்ப் பதிவேட்டைப் புரட்டினார். இருவரும் பார்த்த வேலை ஏறக்குறைய சமம். சரிசெய்த ஒரே வாரத்தில் மறுபடி நின்றவை பதின்மூன்று. இரண்டில் அவள் கையெழுத்து. மிச்சம் பதினொன்றிலும் அவருடையது.

[கண்ணாடியைக் கழற்றித் துடைத்து... வேண்டாம், ரொம்ப நாடகம்.]

மறுபடி எண்ணினார். மாறவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மனுஷர் பொய்யர் இல்லை. அவள் தவறுகள் அவர் நினைவில் தங்கின, தன் தவறுகளுக்கு மோட்டாரைத் திட்டிவிட்டு மறந்துபோனார்.

3

முதல் முடிவு: பதிவேட்டை மூடிவிட்டு, ஏற்கெனவே நினைத்ததையே எழுதுகிறார். ஊரில் நடப்பதுதான். எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது: "நிரந்தரமாக்கலாம். என்னைவிடக் கவனமானவர்" என்று எழுதி, ஆபீஸில் கொடுக்குமுன் அவளிடமே காட்டப் போகிறார்.

இதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அவளுக்கும் கண் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். ஆறு மாதமாக அவரைப் பார்த்துப் பார்த்து அவளும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அவர் காகிதத்தோடு வருவதைக் கண்டதுமே கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"படிச்சுப் பாரும்மா."

"என்ன எழுதியிருப்பீங்கன்னு தெரியும் சார்," என்கிறாள், நிமிராமலே.

அவர் கை நீட்டியபடி நிற்கிறார். அவளை நிமிர வைக்க அவர் இன்னும் ஒரே ஒரு வரி பேச வேண்டும். எனக்கு அது வரவில்லை, உங்களுக்கு வரலாம். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், அவள் பெட்டியை மூடப் போகிறாள்.