பிரேக்கின் வாயை அடைத்தவர்

கடலூர் செம்மண்டலம் சிக்னலில் பாலகுமாரின் கார் வந்து நின்றபோது, பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளும் பார்த்தார். கார் நிற்கும்போது எழுந்த சத்தம் அப்படி. கரும்பலகையில் சாக்பீஸை அழுத்திக் கீறினால் பல் கூசுமே, அந்த ரகம். பாலகுமார் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வெளியே கேட்கிற சத்தத்துக்கு உள்ளே கண்ணாடியை ஏற்றி என்ன பயன்? ஆனால் மானம் போகிற நேரத்தில் மனிதன் யோசித்தா செய்கிறான்?

கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு எந்தக் குறையும் அவர் வைத்ததில்லை. முன்பக்கம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கும். வெள்ளிக்கிழமை கற்பூரம், ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு குளியல். ஆனால் இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைப் பார்க்கச் சொன்னதில்லை. அவரை மட்டும் சொல்லி என்ன, நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வண்டி ஓடுகிறதா என்று பார்ப்போம், நிற்குமா என்று பார்க்கமாட்டோம்.

மறுநாள் சிதம்பரத்தில் அவருடைய தங்கை ரேகாவின் மகள் இலக்கியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அதற்கு முன்னால் தெருமுனையிலிருந்து மண்டபம் வரை மேளத்தோடு மாமன் சீர் போகவேண்டும். தட்டு தூக்குகிற பெண்கள் முன்னே நடக்க, மாமனின் கார் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்துவரும். ஊர்ந்து வருகிற காருக்கு அடிக்கு ஒரு பிரேக். பிரேக்குக்கு ஒரு அலறல். நினைக்கும்போதே பாலகுமாருக்கு வியர்த்தது.

அதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது. அவர் கடலூரில் சின்னதாகப் பெயின்ட் கடை வைத்திருப்பவர். எட்டு வருடத்துக்கு முன் ரேகாவின் கல்யாணச் சீரைப் பெயின்ட் டின் ஏற்றுகிற லோடு வண்டியில்தான் கொண்டுபோனார். அப்போது மாப்பிள்ளை வீட்டு உறவில் யாரோ, "பொண்ணு வூட்டு சீரு பெயின்ட் வாசனையோட வருது" என்று சொல்லிச் சிரித்தார்கள். சொன்னவருக்கு அன்று மாலையே மறந்திருக்கும். பாலகுமாருக்கு மறக்கவில்லை. இந்தக் காதுகுத்தில் சொந்தக் காரில், தலை நிமிர்ந்து போய் இறங்கவேண்டும் என்பதே அவருடைய வைராக்கியம்.

சிக்னல் விழுந்ததும் நேராக அப்துல் ஹக்கின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் திருப்பினார். அப்துல் ஹக் இருபது வருடப் பழக்கம். கை சுத்தமானவர், வாய் கொஞ்சம் கறார்.

"பாய், இந்த சத்தம் இன்னான்னு பாருங்க. நாளைக்கு காலைல சிதம்பரம் போவணும்."

அப்துல் ஹக் ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"பிரேக் புடிக்கிற பேடு தீந்துபோச்சி சார். அட்டை கனம்கூட இல்ல. இதோ, இந்த சின்ன தகடு தெரியுதா? பேடு தேஞ்சிபோனா இது சக்கரத்தோட சுத்துற டிஸ்க்ல ஒரசி கத்தும். என்னைய மாத்துய்யான்னு சொல்றதுக்காவவே கம்பெனிக்காரன் வெச்சிருக்கான்."

"அப்ப இப்பவே மாத்திடுங்க."

"இந்த மாடலுக்கு கைல இல்ல. பாண்டிக்கு போன் போட்டா நாளைக்கு மத்தியானம் வந்துடும்."

"ஒம்போது மணிக்கு முகூர்த்தம் பாய்."

"அப்ப வாடகைக்கு ஒரு காரு பேசிக்கினு போங்க. இது இங்கயே கெடக்கட்டும்."

வாடகைக் காரில் மாமன் சீரா? பாலகுமாருக்கு அந்தப் பெயின்ட் சிரிப்பு திரும்பவும் காதில் கேட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சத்தம் மட்டும் வராம பண்ண முடியுமா பாய்?"

முடியும் என்று அப்துல் ஹக்குக்குத் தெரியும், செய்யக்கூடாது என்பதும் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் விரட்டியிருப்பார். பழகிய முகம், தங்கை வீட்டு விசேஷம். தாட்சண்யம் என்ற ஒன்று நல்ல மனிதர்களை எத்தனை தப்பான காரியம் செய்ய வைக்கிறது! குறடை எடுத்து அந்தத் தகடுகளை மடக்கிவிட்டார்.

"ஒரு நாளைக்குத்தான் சார். மெதுவா போங்க. திங்கக்கெழம காலைல வண்டி இங்க நிக்கணும். பேட நான் வரவெச்சி வெக்கிறேன்."

"நிச்சயமா பாய்" என்றார் பாலகுமார். அந்த நேரத்தில் அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

காதுகுத்து ஜாம் ஜாம் என்று நடந்தது. மேளத்துக்குப் பின்னால் கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஊர்ந்து போனது. ரேகாவின் கணவர் உத்திராபதி மண்டப வாசலில் நின்று, கார்க் கதவைத் தானே திறந்து, "வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். உத்திராபதி வீடுகளுக்கு ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் உறவென்றால் உயிர். குழந்தை மடியில் வீறிட்டு அழுதபோது பாலகுமாருக்கும் கண் கலங்கியது. எட்டு வருடத்து முள் அன்று கழன்றது.

திங்கட்கிழமை கடைக்கு லோடு வந்தது. போக முடியவில்லை. அப்துல் ஹக் போன் செய்தார். "இந்த வாரத்துல வந்துடறேன் பாய்" என்றார். அடுத்த வாரமும் போன் வந்தது, அதே பதில் போனது. அதற்கப்புறம் அப்துல் ஹக்கும் கூப்பிடவில்லை. எத்தனை தடவைதான் ஒருவர் கூப்பிடுவார்? சத்தம் இருந்தவரை அது தினமும் நாலு தடவை ஞாபகப்படுத்தியது. சத்தம் போனதும் ஞாபகமும் போய்விட்டது. அமைதியாக ஓடுகிற வண்டி நல்ல வண்டிதானே என்று மனசு சமாதானம் சொன்னது. சோம்பலுக்குச் சமாதானம் சொல்ல மனசுக்குச் சொல்லியா தரவேண்டும்?

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. இறால் வாங்கியிருக்கிறேன், அண்ணியோடு வா என்று ரேகா கூப்பிட்டிருந்தாள். பாலகுமாரும் மனைவி வினோதினியும் கிளம்பினார்கள். கடலூரைத் தாண்டியதுமே வினோதினி காதைத் தீட்டினாள்.

"பிரேக் போடறப்பல்லாம் ஏதோ கொரகொரன்னு அரைக்கிற மாதிரி இருக்குதுங்க."

"கல்லு மாட்டியிருக்கும். ஓட ஓட சரியாயிடும்" என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது ஸ்டியரிங்குக்கு எதிரே மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அது ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எரிகிற விளக்கு. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும் என்பது அவருக்குத் தெரியாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் அது எழுதியிருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? ஒயர் கோளாறு, மாப்பிள்ளையிடமே காட்டலாம் என்று நினைத்துக்கொண்டார். புதுச்சத்திரத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தபோது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. இரண்டு தடவை மிதித்த பிறகே பிடித்தது. வினோதினி அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் அரை மணி நேரந்தான்" என்றார்.

அங்கேயே ஓரங்கட்டி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். பஸ் ஏறியிருக்கலாம். நடந்ததை எண்ணும்போதெல்லாம் அவர் மனசு புதுச்சத்திரத்திலேயே போய் நிற்கிறது.

உத்திராபதியின் வீடு பள்ளத்தில் இருக்கிறது. தெருவுக்குப் போட்ட ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டதில் ரோடு உயர்ந்து, வீடுகள் தாழ்ந்துவிட்டன. வாசலில் சரிவாக சிமென்ட் போட்டு, அதன் வழியாகத்தான் வண்டியை உள்ளே இறக்க வேண்டும். கார் வந்த சத்தம் கேட்டு உத்திராபதி சாப்பாட்டு இலை நறுக்கிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தார். தன்னுடைய பைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரை ஒட்டி நின்று, இரண்டு கையாலும் வழி காட்டினார்.

"வாங்க மச்சான், வாங்க. எடம் கெடக்குது, இன்னும் வாங்க."

முன் சக்கரங்கள் சரிவில் இறங்கின. பாலகுமார் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக்கைத் தேடிக் கை போவதற்குள் வண்டி இறங்கிவிட்டது. பெரிய வேகம் இல்லை, ஒரு ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் முன்னால் பம்பர், பின்னால் சுவர், நடுவில் உத்திராபதியின் வலது முழங்கால்.

அவர் கத்தக்கூட இல்லை. "வண்டிய பின்னால எடுங்க மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அப்துல் ஹக் சிதம்பரத்துக்கு வந்தார். அந்த வீட்டு வாசலிலேயே கிடந்த காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பேடு இருந்த இடத்தில் வெறும் இரும்பு. இரும்பு டிஸ்க்கை அரைத்து, டிஸ்க் தேய்ந்து, பேடை அழுத்துகிற பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து, ஆயில் முழுதும் ஒழுகிப் போயிருந்தது. பாலகுமார் கைகட்டி நின்றார். அவர் பேசுவதற்கு முன் அப்துல் ஹக் பேசினார்.

"உங்கள மட்டும் சொல்ல மாட்டேன் சார். தகட்ட மடக்குனது என் கை. ஒரு நாளைக்குத்தானேன்னு நெனச்சேன். அன்னிக்கு நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா நீங்க ஒரு மாசம் எங்கிட்ட பேசாம இருந்திருப்பீங்க. அவ்ளோதான் ஆயிருக்கும். அல்லா மன்னிக்கணும்."

அதற்குப் பிறகு உத்திராபதியின் முழங்காலில் இரண்டு ஆபரேஷன் நடந்தது. எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர், "நாந்தான் கிட்ட போய் நின்னுட்டேன்" என்றே சொன்னார். ஒரு தடவைகூட மச்சானின் பெயரை இழுக்கவில்லை. பாலகுமாருக்கு அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியாத தண்டனையாக இருந்தது. நாலு மாதத்தில் உத்திராபதி தடி ஊன்றி நடந்தார். ஆனால் முட்டி மடங்கவில்லை, இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி ஏறாமல் ஒயரிங் வேலை ஏது? எடுத்திருந்த வேலைகளை எல்லாம் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்ட அன்று பாலகுமார் பஸ் ஏறி சிதம்பரம் போனார். உத்திராபதி உள்ளே படுத்திருந்தார். சமையல்கட்டில் ரேகா தனியாக இருந்தாள். அவளிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். சிக்னலில் கத்திய பிரேக், மடக்கிய தகடு, போகாத திங்கட்கிழமை, புதுச்சத்திரத்து ஆடு, ஒன்று விடாமல். ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் சொன்னார்.

"ஒங்க ஆளுங்க முன்னால மறுபடியும் சிரிப்பா சிரிச்சிடக் கூடாதுன்னு நெனச்சேம்மா. வேற ஒண்ணும் இல்ல."

ரேகா அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

"அந்த சத்தத்தோடவே வந்திருக்கக் கூடாதாண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு பேரு சிரிச்சிருப்பாங்க. பந்தில பாயசம் வந்ததும் மறந்திருப்பாங்க. நீ லோடு வண்டில வந்தப்பவும் எனக்கு எங்கண்ணன் வந்துட்டாருன்னுதான் இருந்துது. நடந்தே வந்திருந்தாலும் எம்புள்ளய ஒம்மடிலதான் ஒக்கார வெச்சிருப்பேன்."

"தப்பு பண்ணிட்டேம்மா."

"பண்ணிட்டண்ணா. இல்லன்னு சொல்லமாட்டேன்."

உள்ளேயிருந்து தடி விழுகிற சத்தம் கேட்டது. பாலகுமார் பதறி எழுந்தார். ரேகா அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்தாள். கதவருகே போனவள் நின்று திரும்பிச் சொன்னாள்.

"பிரேக்கு கத்துனது ஒன்ன அசிங்கப்படுத்தறதுக்கு இல்லண்ணா, காப்பாத்தறதுக்கு. அத நீ சரி பண்ணியிருக்கணும், வாய அடைச்சிட்ட. இனிமே எவன் வண்டில அந்த சத்தம் கேட்டாலும் சொல்லு, சிரிக்கிறவங்க சாயங்காலம் வூட்டுக்கு போயிடுவாங்க, அடிபட்டவன் காலு திரும்பி வராதுன்னு சொல்லு."