இன்னாசிக்குப் பதிலாக வந்த பெட்டி

இன்னாசி 1984 மார்கழியில் மஞ்சள் காமாலை கண்டு இறந்து, அடக்கமான பதினெட்டாம் நாள், வில்லியனூரில் ஒரு கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் பாங்கோஸ் வாசித்தான். மேடையில் ஆள் இல்லை. அவன் வழக்கமாக உட்காரும் மடக்கு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. ஆனால் பாங்கோஸின் இரண்டு தோல்களும் அடி வாங்கி அதிர்ந்ததை முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முதல் பாட்டில் பாடகிக்குக் குரல் நடுங்கியது, இரண்டாம் பாட்டில் சரியாகிவிட்டது. நேயர் விருப்பச் சீட்டுகள் வழக்கம்போல் மேடைக்கு வந்தன. வந்திருந்தவர்கள் பந்தியில் ரசத்துக்கு உப்பு கூடிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்பதுதான் தனிஸ்லாஸின் கட்சி. செசிலி மெல்லிசைக் குழுவை நடத்தியவர் அவர்தான். அக்கார்டியன் வாசிப்பார், வேனும் அவருடையது. அந்தக் குழுவில் எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. கச்சேரி பேச வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைப்பார்கள், வாசிக்கிறவர் ஒவ்வொருவரும் அதிலிருந்து ஓர் இலை எடுப்பார். இலையை எடுத்தவன் இடி விழுந்தாலும் வந்தாக வேண்டும். இன்னாசி பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட இலையை எடுத்துவிட்டு வராமல் இருந்ததில்லை. சாகும்போது தைக்கும் மாசிக்குமாக ஏழு கச்சேரிக்கு இலை எடுத்திருந்தான். அந்த ஏழு கச்சேரியையும் வந்து முடித்துக் கொடுத்தான். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீரப் பாடுபட வேண்டிய ஆன்மா எங்கே பாடுபட்டால் என்ன, கணக்கு ஒன்றுதானே என்று சொல்லிவிட்டு அவர் பூசைக்குப் போய்விட்டார்.

இன்னாசியின் மனைவி ஜெயசீலி அந்த ஏழு கச்சேரிக்கும் வேனில் கூடவே போனாள். முதல் கச்சேரியில் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து பந்தலுக்கு வெளியே நடந்தாள். பாட்டுக்கு நடுவே, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், இரண்டு சின்ன அடி விழுந்தது. உயிரோடு இருந்த காலத்திலும், அவள் கூட்டத்திலிருந்து எழுந்தால், எங்கே போகிறாய் என்று இன்னாசி அப்படித்தான் கேட்பான். ஜெயசீலி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அழக்கூட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. புடவைக்குக் கஞ்சி போடுவாள், பாங்கோஸைத் துடைத்து உறையில் போடுவாள், வேன் வரும் முன்பே சாலையில் வந்து நிற்பாள். புருஷனைப் பறிகொடுத்தவள் போலவா இருக்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். பறிகொடுக்கவில்லையே, பிறகு எப்படி இருப்பாள்?

ஏழாவது கச்சேரியோடு விட்டிருக்க வேண்டும். தப்பு அங்கேதான் நடந்தது, அதைச் செய்தது இரண்டு பேர். எட்டாவது கச்சேரிக்குக் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஆட்கள் தட்டோடு வந்தபோது தனிஸ்லாஸ் ஜெயசீலியைப் பார்த்தார். ஜெயசீலி தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்துப் பாங்கோஸ் மேல் வைத்தாள். அவள் கையை எடுப்பதற்குள் இலை காணாமல் போயிற்று. அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. இன்னாசிக்கு வந்த பங்கைத் தனிஸ்லாஸ் குறைக்காமல் ஜெயசீலியிடம் கொடுத்தார், அதில் அவர் நேர்மையான மனிதர். ஆனால் செத்தவனுக்குத் தூக்கம் எதற்கு என்று ஒரே நாளில் இரண்டு ஊருக்கு ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார். மாதா கோயில் ஆண்டுவிழா, மாரியம்மன் செடல் திருவிழா, மஞ்சள் நீராட்டு என்று ஒன்று விடாமல் இன்னாசி வாசித்தான். கரண்டு போய் மைக் செத்துப் பாடகர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்திலும் அவன் நிறுத்தவில்லை. இன்னாசி கச்சேரி என்றே பேர் பரவி, காட்டேரிக்குப்பம் வரைக்கும் தேடி வந்தார்கள்.

முதலில் கவனித்தவள் ஜெயசீலி. கச்சேரி முடிந்து துடைக்கும்போது தோல் ஈரமாக இருந்தது. ஆரம்பத்தில் பிசுபிசுப்பு மட்டும்தான். ஒரு வருடத்தில் துணியைப் பிழிகிற அளவுக்கு வேர்வை. 1986 மாசி மகத்தன்று பனித்திட்டில், பட்டப்பகலில், படகுகளுக்குப் பக்கத்தில் போட்ட மேடையில், இன்னாசி ஓர் அடியைத் தவறவிட்டான். கூட்டத்துக்குத் தெரியவில்லை. தனிஸ்லாஸின் விரல் அக்கார்டியனில் ஒரு கணம் நின்று போனது. அன்றைக்குத் துணியைப் பிழிந்தபோது தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. ஜெயசீலி அதை யாரிடமும் காட்டாமல் கடலில் அலசினாள். காட்டினால் இலை வைப்பதை நிறுத்தச் சொல்வார்கள் என்று பயந்தாள். அந்தப் பயத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

அந்தப் பங்குனியில் தனிஸ்லாஸின் மச்சான் இக்னேஷியஸ் பிரான்சிலிருந்து லீவில் வந்தான். அங்கே பட்டாளத்தில் இருந்தவன். ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து, அதன் பெயர் சீக்வென்சர் என்றான். மேலே எட்டு ரப்பர் வில்லைகள், ஒரு சிவப்பு விளக்கு. வில்லையில் ஒருமுறை வாசித்துவிட்டால் பெட்டி ஞாபகம் வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி வாசிக்கும். விலை இருபத்தெட்டாயிரம். அந்தக் காசுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய வேன் ஒன்று வாங்கலாம். குழு இரண்டாகப் பிரிந்தது. கீபோர்டு வாசிக்கும் நாகராஜன், பெட்டிக்குச் சோறு வேண்டாம், காய்ச்சல் வராது என்றான். பாடகர்கள், இன்னாசிக்கும்தான் சோறு வேண்டாம், காய்ச்சலும் இனி வரப்போவதில்லை, போதாததற்குக் கரண்டும் வேண்டாம் என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் தனிஸ்லாஸ் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பெட்டியோடு ஜெயசீலி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நீ இன்னா சொல்றியோ அதாம்மா. வாங்கலாம்னா வாங்கறன், வாணாம்னா இவன் எடுத்துனு போவட்டும்," என்றார்.

ஜெயசீலி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இது அவர மாதிரி வாசிக்குமா?"

"அவரையே வாசிக்கச் சொல்லு," என்றான் இக்னேஷியஸ்.

அவள் ஓர் இலையைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தாள். இலை போயிற்று. ரப்பர் வில்லைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. இரண்டு நிமிடம் இன்னாசி வாசித்தான். பிறகு இக்னேஷியஸ் ஒரு பொத்தானை அழுத்த, பெட்டி அதையே திருப்பி வாசித்தது. ஜெயசீலியின் முகம் சுருங்கியது. சரணம் முடிகிற இடத்தில் இன்னாசி எப்போதும் கொஞ்சம் அவசரப்படுவான். பந்திக்கு முந்துகிறவன் மாதிரி என்று தனிஸ்லாஸ் கேலி செய்வார். பெட்டி அந்த அவசரத்தைத் தட்டி நேராக்கியிருந்தது. "இது அவரு இல்ல," என்றாள். இக்னேஷியஸ் சிரித்துக்கொண்டே வேறு ஏதோ திருகினான். இப்போது அவசரம் அப்படியே வந்தது. தனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தேகமே இல்லை, அது இன்னாசிதான்.

ஜெயசீலி இன்னொரு தரம் போடச் சொன்னாள். அதே அவசரம், அதே இடம். மூன்றாம் தரம் போடச் சொல்லிவிட்டு, பாதியில் எழுந்து அடுப்பங்கரைக்கு நடந்தாள். பெட்டி தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தது. கதவருகில் நின்று, பிறகு வாசலுக்கும் போய்ப் பார்த்தாள். எந்த அடியும் அவளைத் தேடி வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ரப்பர் வில்லைகளைத் தொட்டுப் பார்த்தாள். இன்னாசி வாசித்த இரண்டு நிமிடத்துக்கே அவை நனைந்திருந்தன. பெட்டி வாசித்ததில் ஒரு சொட்டுகூடச் சேரவில்லை.

விரலில் ஒட்டிய ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நான் எழுந்து போனது இதுக்குத் தெரியில," என்றாள். "தெரியாததுக்கு வலிக்காது. அவருக்கு எல்லாம் தெரியுது. அதான் கை கிழிஞ்சாலும் வராரு. வாங்கிடுங்கண்ணா."

"நல்லா யோசிச்சுக்கம்மா. அப்புறம் அவன் வரமாட்டான்."

"தெரியும்ணா. நாமதான் அந்த மனுஷன சாவ வுடல." தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார், ஏனென்றால் இரண்டு ஊர்களுக்கு ஒரே நாளில் ஒப்புக்கொண்டது அவர்தான்.

கால் காணி நிலத்தை விற்றுத் தனிஸ்லாஸ் பெட்டியை வாங்கினார். அதற்கு முன்பே இலை எடுத்த கச்சேரிகள் நான்கு பாக்கி இருந்தன, அவற்றை மாற்ற வழியில்லை. நான்காவது பாகூரில், ஒரு காது குத்துக் கல்யாணத்தில், பகல் பதினொரு மணிக்கு. ஜெயசீலி முன்வரிசையில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்கக்கூட எழாமல், கடைசிப் பாட்டுவரை இருந்தாள். முடிந்ததும் தோலைத் துடைத்தாள். தன் புடவை முந்தானையாலேயே துடைத்து, அதைப் பிழியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து முருங்கப்பாக்கத்திலிருந்து அடுத்த தட்டு வந்தது. எல்லோரும் ஓர் இலை எடுத்தார்கள். ஜெயசீலி கையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டை நாகராஜன் பக்கம் தள்ளிவிட்டாள்.

பெட்டி நன்றாக வாசித்தது. அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. முருங்கப்பாக்கம் கச்சேரியில் எந்த அடியும் தவறவில்லை, கரண்டும் போகவில்லை. அன்றைக்குத்தான் வேன் முதன்முறையாக ஜெயசீலியை ஏற்றாமல் போனது. மறுநாள் காலையில் அவள் பாங்கோஸின் உறையைக் கழற்றித் தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அது உலர்ந்திருந்தது. அப்போது அவள் போட்ட சத்தத்தில் தெருவே ஓடிவந்தது. மாரில் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லிச் சொல்லி அழுதாள்.

யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. கோயிலில் துக்க மணி அடித்தார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வாசலில் பெஞ்சு போட்டார்கள். தனிஸ்லாஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் செய்தி எட்டி, காட்டேரிக்குப்பத்திலிருந்து அமுதம் என்கிற தூரத்து உறவுக்காரி பஸ் பிடித்து வந்தாள். ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா தவறிப்போனாரு?" என்று கேட்டாள்.

"நேத்து," என்றாள் ஜெயசீலி.

அமுதம் தலையை ஆட்டிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.