வட்டம் போட்ட எண்கள்

பதினொன்றேகாலுக்குக் கம்பி ஆடாமல் நின்றது. லென்ஸில் கண்ணை வைத்தேன். பதினேழு புள்ளி இரண்டு. போன வருடம் இதே வாரம், அணையில் இதே நீர்மட்டத்தில், பதின்மூன்று புள்ளி ஒரு மில்லிமீட்டர். வழக்கப்படி நான் செய்ய வேண்டியது சுலபம்: அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. ஆனால் நான் பென்சிலைத் தொடவில்லை.

அணையின் சுவருக்குள்ளேயே ஆள் நடக்க ஒரு பாதை உண்டு. எந்நேரமும் ஈரம். உச்சியிலிருந்து அடிவரை அங்கே ஒரு கம்பி தொங்குகிறது. அதன் நுனியில் கட்டிய எடை எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருக்கும். அணை ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் லென்ஸ் காட்டிக்கொடுத்துவிடும்; எண் கூடினால் ஆறு இறங்கும் கீழ்ப்பக்கமாகச் சாய்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. எண் போன வருடத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகாவிட்டால் காற்று பட்டிருக்கும், நம் தோள் உரசியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போகும்வரை பார்ப்போம். ஒத்துப்போனதும் மையால் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்த எங்கள் பொறியாளருக்கு ஆபீஸில் பெயரே ‘பத்து நிமிஷம்’தான். பெண் பார்க்கப் போன இடத்திலும் பத்து நிமிஷம் கழித்து இன்னொருமுறை பார்த்திருப்பார் என்று கிண்டல் செய்வோம். மற்றபடி தங்கமான மனிதர்.

போன வாரம் மின்சாரம் போயிருந்தது. பொழுது போகாமல் பழைய நோட்டுகளை எடுத்து, வட்டம் போட்டுத் தள்ளிய எண்களை மட்டும் வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். பதினோரு வருடம், ஏழு பேருடைய கையெழுத்து. அதில் ஒருவர் இறந்தே போய்விட்டார். காற்றில் ஆடிய கம்பி என்றால் இரண்டு பக்கமும் ஆடியிருக்க வேண்டும். அத்தனை புள்ளியும் ஒரே பக்கம், கீழ்ப்பக்கம். ஒவ்வொரு வருடமும் அந்தப் பக்கமாக இன்னும் கொஞ்சம். ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள்கூட ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோட்டை இந்த வாரம்வரை நீட்டிப் பார்த்தேன். பதினேழு புள்ளி இரண்டு.

அணைக்குக் கீழே ஊழியர் குடியிருப்பு. அங்கே என் அக்கா இருக்கிறாள். பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அத்தானிடம் மன்றாடி அந்த வீட்டுக்கு வரவழைத்தவள் நான்.

மேலே போய்ப் பொறியாளரை அழைத்து வந்தேன். கம்பிக்குப் பக்கத்தில் நின்றபடியே வரைபடத்தாளை டார்ச் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

“தப்பா வந்ததையெல்லாம் பொறுக்கி வச்சா அதுவும் ஒரு கதை சொல்லத்தாம்மா செய்யும்” என்றார்.

“நாம சரியா வந்ததையெல்லாம் பொறுக்கி வச்சிருக்கோம் சார்.”

அவர் கோபப்படவில்லை. “இதை நம்பி அணையைக் காலி பண்ணினா ரெண்டு மாசம் ஊருக்குக் குடிக்கத் தண்ணி கிடையாது. நீ சொல்றது தப்புன்னு ஆயிட்டா?”

“நான் தப்புன்னா அந்த ரெண்டு மாசக் கஷ்டத்தோட போச்சு சார். நீங்க தப்புன்னா எங்க அக்கா வீடு கீழ இருக்கு.”

அவர் குனிந்து லென்ஸில் பார்த்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. “பத்து நிமிஷம் பொறுப்போம்” என்றார். பொறுத்தோம். மறுபடி பார்த்தார், மறுபடி பொறுத்தோம். எங்கோ சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான்காவது முறை நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

“பதிமூணு புள்ளி நாலு. நீயே பாரு.”

பார்த்தேன். பதின்மூன்று புள்ளி நான்குதான். பொய் இல்லை. அப்பாடா என்று இருந்தது, அதை மறைப்பானேன். அவர் மைப்பேனாவை நீட்டினார். வாங்கிய பிறகுதான் உறைத்தது. பதினோரு வருடத்தில் எண் ஒத்துப்போன பிறகு யாரும் இங்கே நின்று மறுபடி பார்த்ததில்லை. எல்லோரும் இங்கிருந்துதான் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

“பத்து நிமிஷம் பொறுப்போம் சார்” என்றேன்.

“எதுக்கு? ஒத்துப்போயிடுச்சே.”

“அதான் சார்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் இருவரும் கம்பியை விட்டு நாலடி தள்ளி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றோம். நேரம் முடிந்த பிறகும் இரண்டு பேரும் நகரவில்லை. கடைசியில் அவர்தான் போய்க் குனிந்தார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

“உங்க அக்கா இந்நேரம் வீட்லதான் இருப்பாங்களா?” லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார். அவருடைய இடது கை பக்கத்துச் சுவரில் விரல்கள் விரியப் பதிந்திருந்தது. அணை சாயாமல் பிடிப்பவர்போல அவர் அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.