ஐந்து பச்சை, ஒன்று பொரித்தது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் தானாக ஊறியதல்ல. என் சித்தி ஜப்பானிய உணவகம் நடத்துகிறாள். "நம்ம கடையைப் பத்தி ஒரு கதை எழுதேன்டா" என்றாள். பேரம் பேசினேன். ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் படிந்தது.

முதல் தொடக்கம்: "அந்தி வானம் சால்மன் மீனின் நிறத்தில்..." (அடித்துவிட்டேன். கதை நடப்பது பட்டப்பகலில்.)

2

சமையல்காரர் ஜப்பானியர். முதலில் அவரைப் புன்னகை மட்டும் பூக்கும் ஞானியாக எழுதினேன். காலண்டரில் அச்சடிக்கலாம் போலிருந்தது. நிஜத்தில் பன்னிரண்டு வருடமாக நம்மோடு மல்லுக்கட்டுபவர், என்னைவிட வேகமாகத் தமிழில் திட்டுவார்.

கடையில் மெனு கிடையாது. அவர் வைப்பதைச் சாப்பிட வேண்டும்.* வந்தவர்கள் சாஸ் கேட்டார்கள், கொடுத்தார். மயோனைஸ் கேட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். "இனி ஒருத்தர் மீனைப் பொரிக்கச் சொன்னா ஊருக்குக் கிளம்பிடுவேன்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டார். அவர் போனால் கடைக்குப் பூட்டுதான்.

(* இதற்கு ஒமகாசே என்று பெயர். எங்கள் குடும்பத்தில் ஒரு முழம் கயிறு வாங்கக்கூட யாரும் கடைக்காரனிடம் இப்படிச் சரணடைந்ததில்லை.)

3

பேசிய மதியச் சாப்பாட்டுக்காக நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது வந்தார் ஒரு ஜவுளி வியாபாரி. எதிரில் சோற்றுருண்டை, அதன்மேல் பச்சை மீன்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பொரிச்சுக் குடுங்களேன்."

சமையல்காரர் ஏப்ரனை அவிழ்க்கத் தொடங்கினார். சித்தியின் முகம்... (உவமை கிடைக்கவில்லை.)

வியாபாரி அசரவில்லை. "சரி, ரெண்டு பச்சையா சாப்பிடறேன். ஒண்ணு பொரிங்க."

அவிழ்த்த கை நின்றது. "எட்டு."

"எட்டா! மூணு."

"மீனோட முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. ஏழு."

"முகத்தைத்தான் நீங்க வெட்டிட்டீங்களே. நாலு."

"அஞ்சு. அதுக்குக் கீழே கட்டுப்படியாகாது."

கை குலுக்கிக்கொண்டார்கள்.

4

முதல் இரண்டை மாத்திரைபோல விழுங்கினார் வியாபாரி. மூன்றாவதை மென்றார். நான்காவதுக்கு அவரே கையை நீட்டினார். ஐந்தாவது முடிந்ததும், "பொரிக்கிறது வேணாம்ணே. இன்னொண்ணு இப்படியே வைங்க" என்றார்.

கலை வென்றது, கைதட்டல், சுபம். இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அதற்குள் ஆறாவது மீன் எண்ணெயில் பொன்னிறமாகி, தட்டுக்கும் வந்துவிட்டது.

"பேச்சுன்னா பேச்சு" என்றார் சமையல்காரர். "நான் எட்டுலேருந்து இறங்கி வந்தேன்ல? சாப்பிடுங்க."

"நாக்கு மாறிடுச்சுண்ணே!"

"அப்ப ஊருக்குப் போறது?" என்றாள் சித்தி, ஈனசுரத்தில்.

"இவர் பொரிச்சதைச் சாப்பிட்டா இருக்கேன். இல்லேன்னா கிளம்பறேன்."

5

முடிவு அ: சாப்பிட்டார். (மிரட்டலுக்குப் பணிகிற வியாபாரியை நான் கண்டதில்லை.)

முடிவு ஆ: யாரும் பார்க்காதபோது நானே அதை வாயில் போட்டுக்கொண்டேன். (எல்லோரும் அதையேதான் பார்க்கிறார்கள்.)

முடிவு இ: வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாதி சாப்பிட்டா?" என்கிறார். சமையல்காரரின் கண்ணில் ஒரு மின்னல். வாயைத் திறக்கிறார்...

வாசகரே, அவர் சொல்லப்போவது என்ன? சீக்கிரம். மீன் ஆறுகிறது.